அவன ஒதுங்கச் சொல்லு

கையப் பாக்குறீங்க. பாருங்க சார், தப்பில்ல. பஸ்ஸுல பக்கத்துல உக்கார்றவுக எல்லாரும் பாக்கத்தான் செய்றாங்க. உள்ளங்கையில ரேகை இல்லாம வழவழன்னு இருக்குல்ல, அது கம்பி ரோப்பு உரிச்சது. பெருவிரலுக்குக் கீழ ரெண்டு வரிசையா குழிகுழியா தெரியுதா, அது பல்லு. நாய்ப்பல்லு இல்ல, என் பல்லுதான். நானே கடிச்சேன். ஏன்னு கேக்க மாட்டீங்க, படிச்சவுக. நானே சொல்லிர்றேன். இந்த டிரைவரு ஓட்டுற லட்சணத்துக்குப் பேரையூர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்.

என் பேரு ஒச்சுக்காளை. கிணறு வெட்டுறது தொழிலு. மம்பட்டிய வச்சுக் கிண்டுறதுன்னு நெனச்சுக்காதீங்க. எங்க பக்கம் பத்தடிக்குக் கீழ பூராம் பாறை. குழி போட்டு மருந்து கெட்டிச்சு வேட்டுப் போடணும். ஒடஞ்ச கல்லை இரும்புத் தொட்டியில அள்ளிப் போட்டா கிரேன் மேல இழுக்கும். கீழ ஒருத்தன் நின்னு அள்ளுவான், மேல ஒருத்தன் கிரேன் புடிப்பான். கீழ நிக்கிறவன் உசுரு மேல இருக்கிறவன் கையில. கீழ சோணமுத்து, மேல நான். பதினெட்டு வருசம் அப்படித்தான் ஓடுச்சு. கிரேன்ல பாதி அவனுது, பாதி என்னுது.

அவன் பொண்டாட்டி ராக்கு. தொட்டி மேல வந்ததும் கல்லைக் கொட்டுறது அவ வேலை. எனக்குத் தங்கச்சி முறை. என் சம்சாரம் மகளைப் பெத்துப் போட்ட அன்னைக்கே கண்ண மூடிட்டா. அப்ப ராக்குவுக்குக் கலியாணமாகி ஒரு மாசம்கூட ஆகல. அந்தப் புதுப்பொண்ணுதான் என் செல்வராணிய இடுப்புல தூக்கி வச்சு வளத்துச்சு. சோணமுத்து தோள்ல உக்காந்துதான் என் மக ஊரையே பாத்தா. மாமா மாமான்னு உசுரு அவளுக்கு.

சந்தோசம்னா எங்களக் கேளுங்க சார். காலையில எட்டு மணிக்குக் கிணத்து மேட்டுல உக்காந்து கம்மங்கூழு, வெங்காயம், சுட்ட கருவாடு. என் கருவாட்ட அவன் எடுத்துருவான். அவனுக்கும் இருக்கும், ஆனா என்னுதத்தான் எடுப்பான். ஒரு பீடிய ரெண்டு பேரு இழுப்போம். ஊத்து ஒடஞ்சா, அந்தப் புதுத்தண்ணியில துண்ட நனைச்சுத் தொட்டியில போட்டு அனுப்புவான். நான் அத மூஞ்சியில புழிஞ்சுக்குவேன். சேறும் சகதியுமா இருக்கும், ஆனா அந்தக் குளிர்ச்சி எந்த மினரல் வாட்டர்ல இருக்கு சொல்லுங்க. சண்டையும் போடுவோம். ஒரு ஞாயித்துக்கிழமை கோழி ஈரல் யாருக்குன்னு வாக்குவாதம் வந்து, அவன் அகப்பையால என் மண்டையப் பொளந்துட்டான். நான் அவன் கைவிரல முறிச்சு விட்டேன். மறுநாள் முறிஞ்ச விரலோட வந்து, என் மண்டைக் கட்டப் பாத்து அப்படிச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். எங்க அடி எங்களுக்குத் தெரியும். வெளியாளு எவனும் நடுவுல வர மாட்டான்.

எல்லாத்துக்கும் மேல கருப்பன். எங்க ஊரு எல்லையில ஒரு நடுகல்லு, அதுக்கு முன்னாடி ஆளுயர அருவா நாலு. எந்தக் கிணறு ஆரம்பிச்சாலும் அவனுக்குச் சேவல் அறுத்து, அந்த ரத்தத்த நாலு மூலையிலயும் தெளிச்சுட்டுத்தான் மொத குழி. பதினெட்டு வருசத்துல எங்க கையில ஒரு உசுரு போகல. சோணமுத்துக்கு என்னைய விடப் பக்தி. கிடா வெட்டுனா ரத்தத்த நெத்தியில பூசிட்டு ஆடுவான்.

அவனுக்கு ஒரே மக, வசந்தி. ஒன்பது வயசு. போன வருசம் ஆவணியில காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிச்சுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு அவன் சொன்னான். நான்தான் சும்மா இருடா, கருப்பன் காலடியில போடு, எறங்கிரும்னேன். எத்தனை புள்ளைகளுக்கு எறங்கியிருக்கு, நான் கண்ணால பாத்திருக்கேன். ரெண்டு நாளு கோயில்ல கெடத்துனோம். திருநீறு போட்டோம், கயிறு கட்டுனோம், கிடா நேந்துக்கிட்டோம். மூணாம் நாளு புள்ளைக்கு வலிப்பு வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். லேட்டாக் கொண்டாந்தீங்கன்னு சொன்னாங்க. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, அவங்களுக்கு என்ன தெரியும். விதி முடிஞ்சா கருப்பன் என்ன பண்ணுவான். நான் அவன்கிட்ட அதத்தான் சொன்னேன். ஒரு மாசம் வேலைக்கு வரல. வந்தப்ப கையில கயிறு இல்ல, நெத்தியில திருநீறு இல்ல.

மாசியில கருப்பனுக்குக் கும்பிடு. ஊரே கூடி நிக்குது. இவன் வரல. நான் விடுவனா? வீட்டுக்குப் போயி, கைய முறுக்கி இழுத்துட்டு வந்தேன். நல்லதுக்குத்தான் சார். சாமிய ஒதுக்கி வச்சிட்டுக் கிணத்துக்குள்ள எறங்குறவன் எத்தனை நாளைக்குத் தாங்குவான். வந்து நின்னான். கிடா வெட்டியாச்சு. பூசாரி சூடத்தட்டைக் கொண்டு வர்றான், எல்லாரும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறோம். இவன் முறை வந்துச்சு. காதுல சொருகியிருந்த பீடிய எடுத்தான். குனிஞ்சான். சாமி சூடத்துல பீடியப் பத்த வச்சான்.

பத்த வச்சு, ஒரு இழுப்பு இழுத்துட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னான். "மச்சான், நீயும் நானும் வேட்டு வச்சு ஒடச்ச கல்லுல எத்தனை கருப்பன் செத்தானோ."

அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்குக் கோர்வையாத் தெரியாது. பீடியோட சேத்து அவன் வாயில குத்துனேன். ரெண்டு பல்லு கீழ விழுந்துச்சு. அவன் என் கழுத்தப் புடிச்சுக் கிடா ரத்தச் சேத்துல தள்ளி முங்க வச்சான். ரத்தம் என் மூக்குக்குள்ள ஏறிருச்சு. நான் அவன் காதக் கடிச்சேன். பதினெட்டு வருசமா அடிச்ச அடி வேற சார். இது கொல்ற அடி. அவனும் கொல்லத்தான் அடிச்சான். ஆறு பேரு சேந்து பிரிச்சாங்க. பிரிச்சு நிறுத்துனதும் நான் நேரா கருப்பன் முன்னாடி போயி நின்னேன். எரியிற சூடத்துக்கு மேல கைய வச்சேன். "இந்த உசுரு உள்ள மட்டும் இவன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசுனா என் மக செல்வராணிய நீ எடுத்துக்க"ன்னு சொல்லிக் கையால அடிச்சுச் சூடத்த அணைச்சேன்.

ராக்கு தலையில அடிச்சிக்கிட்டு, பச்சப் புள்ள மேலயா அண்ணேன்னு அழுதுச்சு. என் மேல பண்ணியிருந்தா அதுக்கு என்ன மதிப்பு சார். பெரிய சத்தியம் பெரிய பொருளு மேலதான் பண்ணணும். என் மக அப்ப மதுரையில ஆஸ்டல்ல தங்கிப் பன்னெண்டாவது படிச்சிட்டிருந்தா. அவளுக்கு யாரும் சொல்லல.

வேலைய நிறுத்த முடியாதுல்ல. ஒரு கிணறு பாதியில நிக்குது. அந்தக் கிரேன எங்க ரெண்டு பேரத் தவிர எவனுக்கும் புடிக்கத் தெரியாது. அதனால ராக்கு நடுவுல. "ராக்கு, தொட்டிய நெறைக்கச் சொல்லு"ன்னு நான் சொல்லுவேன். அவ கிணத்து விளிம்புல நின்னு, "நெறைக்கச் சொல்றாக"ன்னு கத்துவா. கீழயிருந்து அவன், "ராக்கு, அந்தக் கபோதிய மெதுவா எறக்கச் சொல்லு"ம்பான். அவ என்னப் பாத்து, "மெதுவாவாம் அண்ணே"ன்னு மட்டும் சொல்லுவா. எனக்கு முழுசாக் கேக்கும், அவனுக்கும் கேக்கும். ஆனா ராக்கு வாயில வராத வரைக்கும் அவன் அசைய மாட்டான், நானும் அசைய மாட்டேன். கூழு குடிக்கிறப்ப அவன் அந்த மேட்டுல, நான் இந்த மேட்டுல. என் கருவாடு அப்படியே கெடக்கும். எடுக்க ஆளில்லாத கருவாட்ட எனக்குத் திங்கப் புடிக்கல, தூக்கி எறிஞ்சேன். கோவத்துல கிரேன வெடுக்கு வெடுக்குன்னுதான் இழுப்பேன். வேலை வேகமா நடக்கணும்ல. நாப்பத்தி மூணு நாளு அப்படியே போச்சு.

நாப்பத்தி மூணாவது நாளு காலையில பத்து மணி இருக்கும். ராக்குவ நான்தான் டீ வாங்கிட்டு வரச் சொன்னேன். ஆனா கெளம்புறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணுமா இல்லையா? தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு அது பாட்டுக்கு ரோட்டுக்குப் போயிருச்சு. நான் கிரேன்ல கண்ணா இருக்கேன், எனக்கெப்படித் தெரியும். கீழயிருந்து அவன் ரோப்பை ஆட்டுனான், தொட்டி நெறஞ்சிருச்சு தூக்குன்னு அதுதான் சைகை, அதுக்கு மட்டும் பேச்சு வேணாம். நான் தூக்குனேன். அவன் தொட்டிக்கு மேல ஒரு பெரிய கல்லைத் தூக்கி வச்சிருந்தான், குட்டி ஆடு அளவுக்கு. அப்படி வைக்கக் கூடாது, பதினெட்டு வருசத்துல அவன் வச்சதில்ல. முப்பதடி ஏறியிருக்கும். கொஞ்சம் வெடுக்குன்னு இழுத்திருப்பேன் போல. கல்லு சாஞ்சிருச்சு.

உடனே விழுந்துறல சார். அதத்தான் சொல்ல வர்றேன். தொட்டி விளிம்புல சாஞ்சு நின்னு ஆடுச்சு. பிரேக்கப் புடிச்சிட்டேன். ஏத்தவும் முடியாது, எறக்கவும் முடியாது. பீடிய ரெண்டு இழுப்பு இழுக்குற நேரம் அது அப்படியே நின்னுச்சு. கீழ பாறைச் செவுத்துல ஒண்டி நிக்கிறதுக்குன்னு ஒரு பொடவு வெட்டியிருக்கும். ரெண்டு எட்டு வச்சா அதுக்குள்ள போயிறலாம். நான் தொண்டை கிழியக் கத்துனேன்.

"ராக்கு, அவன ஒதுங்கச் சொல்லு!"

ரெண்டு தடவ கத்துனேன். அவனுக்குக் கேட்டுச்சு. கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அவன் அண்ணாந்து பாத்தான். என்னைப் பாக்கல. கல்லையும் பாக்கல. ராக்கு எப்பவும் நிக்கிற விளிம்பப் பாத்தான். அவ சொல்றதுக்காகக் காத்து நின்னான். நாப்பத்தி மூணு நாளுப் பழக்கம். அங்க ராக்கு இல்ல.

காது இல்லையா சார் அவனுக்கு? ஒதுங்கச் சொல்லுன்னா ஒதுங்க வேண்டியதுதான? வீம்பு. என் சத்தத்துக்கு நகரக்கூடாதுன்னு வீம்பு. இத எங்க ஊருல யாருகிட்டயும் சொல்ல முடியல, என்னையவே திருப்பி ஏசுறாங்க. ஒதுங்குடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல ஒச்சுங்கிறாங்க. சொல்லியிருக்கலாம். என் மகளுக்கு எவன் பதில் சொல்றது?

கல்லு நெஞ்சுல விழுந்துச்சு. எலும்பு ஒடஞ்ச சத்தம் எஞ்சினு ஓட்டத்தையும் மீறி மேல கேட்டுச்சு. நான் ஏணியெல்லாம் தேடல. ரோப்பைப் புடிச்சேன், சறுக்கிட்டுக் கீழ போயிட்டேன். அம்பதடி. தோலு பூராம் ரோப்புலயே தங்கிருச்சு, அப்ப அது எனக்குத் தெரியல. கல்லைப் புரட்டித் தள்ளிட்டு அவனத் தூக்கி மடியில போட்டேன். நெஞ்சு உள்ள போயிருந்துச்சு. மூச்சு விடுறப்பல்லாம் வாயில ரத்தம் நொரையா வருது. நான் ஒடச்ச பல்லு எடம் ஓட்டையா இருக்கு, அது வழியா ஒழுகுது.

என்னைப் பாத்தான். மச்சான்னான். நாப்பத்தி மூணு நாளைக்கப்புறம் அவன்தான் மொதல்ல பேசுனான். எனக்கு இங்க, தொண்டையில, மாப்ளங்கிற வார்த்தை வந்து முட்டிக்கிட்டு நிக்குது. செல்வராணி மூஞ்சி கண்ணுல வருது. ஆஸ்டல் யூனிபார்மோட, ரெட்டைச் சடையோட. வாயத் தொறந்தா வார்த்தை வந்துரும்னு பயம். அப்பத்தான் இந்தக் கைய வாய்க்குள்ள திணிச்சுக் கடிச்சேன்.

"பேசுடா மச்சான்"னான். "எனக்குப் பயமா இருக்கு, ஏதாச்சும் பேசு."

பத்து நிமிசம் உசுரு இருந்துச்சு சார். பத்து நிமிசமும் அதத்தான் கேட்டான். மேல ராக்கு வந்துட்டா, விளிம்புல நின்னு நெஞ்சுல அடிச்சிக்கிட்டுக் கெடக்குறா. தூக்குச்சட்டி கவுந்து டீ எங்க மேல சொட்டுது. நான் கடிச்ச கடியில என் ரத்தம் அவன் மூஞ்சியில வடியுது. எது அவன் ரத்தம், எது என் ரத்தம்னு தெரியல. கடைசியா என் கைய வாயில இருந்து எடுத்து விடப் பாத்தான், முடியல. அப்பத்தான் அவனுக்கு நெனப்பு வந்திருக்கணும்.

"ஆமா, புள்ள மேலல்ல பண்ணுன"ன்னான். "வேணாம், பேசாத. புள்ள நல்லாருக்கட்டும்."

அவ்வளவுதான். போயிட்டான்.

பாத்தீங்களா? சூடத்துல பீடி பத்த வச்சவன், கல்லுன்னு சொன்னவன், கடைசியில நம்பிட்டான். கருப்பனுக்குப் பயந்து பேசாதன்னுட்டான். நான் இதைச் சொல்லித்தான் மனசத் தேத்திக்கிட்டேன். எழவு வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல.

பதினாறாம் நாளு காரியத்துக்கு என் மக வந்தா. பரிச்சையின்னு சாவுக்குத் தாக்கல் சொல்லாம விட்டுட்டோம், அந்தக் கோவம் வேற. ராக்குவக் கட்டிப்புடிச்சு அழுதவ, திடீர்னு எந்திரிச்சு என்கிட்ட வந்தா. ராக்கு எல்லாத்தையும் சொல்லியிருக்கு. என் மேலயாப்பா சத்தியம் பண்ணுனன்னு கேட்டா. ஆமாத்தான்னேன். உனக்காகத்தாண்டா கண்ணு அப்பா வாயக் கட்டிக்கிட்டேன், உன் மாமாவே பேசாதன்னு சொன்னான்னேன். எனக்கு அப்ப ஒரு பெருமை சார், மறைக்காமச் சொல்றேன். எந்த அப்பன் இப்படிக் கடிச்சிக்கிட்டு நிப்பான்?

அவ என் சட்டையக் கொத்தாப் புடிச்சா. ஊரு பாக்கப் பாக்கத் தெருவுல இழுத்துட்டுப் போனா. அவனப் பொதைச்ச எடத்துல கொண்டு போயி நிறுத்துனா. "கூப்பிடு"ன்னா. "மாமாவக் கூப்பிடு. எனக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம்."

நான் மாட்டேன்னேன். காலுல விழுந்தேன், பெத்த மக காலுல. பதினாறு நாளு மழையில்லாம மண்ணு காஞ்சு கெடக்கு, மேல வச்ச கல்லு கெடக்கு. அதுல ஒண்ணைக் கையில எடுத்தா. எடுத்துத் தன் நெத்தியிலயே அடிச்சா. ஒரு அடிக்கு ஒரு தடவ கூப்பிடு, கூப்பிடுங்கிறா. நாலாவது அடியில நெத்தி பொளந்து ரத்தம் கண்ணுல எறங்கிருச்சு. கருப்பன் எடுக்கிறதுக்கு முன்னாடி இவளே போயிருவாளோன்னு பயந்துட்டேன். மாப்ளன்னு கத்திட்டேன். ஒரு தடவ வந்ததும் நிக்கல. மாப்ள, மாப்ளன்னு மண்ணுல விழுந்து நாப்பத்தி மூணு நாளுப் பேச்சையும் அங்க கொட்டுனேன். ஒதுங்குடான்னுகூடச் சொன்னேன். பொணத்தப் பாத்து ஒதுங்குடாங்கிறேன். அவ ரத்தத்தோட நின்னு பாத்துக்கிட்டே இருந்தா.

சத்தியம் முறிஞ்சு போச்சு. பூசாரி சொல்றான், செத்தவன்கிட்டப் பேசுனா அதுல சேராதுன்னு. ஏன் சேராது? இந்த உசுரு உள்ள மட்டும்னு நான் சொன்னது என் உசுர. நான் இருக்கேன்ல? கருப்பனுக்குத் தெரியாதா நான் என்ன சொன்னேன்னு?

அன்னையிலருந்து அவள விட்டு நான் கண்ணெடுக்கல. மொத வாரம் சோறு எறங்கல. இன்னைக்கு எடுப்பான், நாளைக்கு எடுப்பான்னு பாத்தேன். ஒரு மாசம் ஆச்சு. நெத்திக் காயம் ஆறிருச்சு. ரெண்டு மாசம் ஆச்சு. பரிச்சையில நல்ல மார்க்கு எடுத்துட்டா. இப்ப ஆறு மாசம். ஒரு தும்மல் வரல சார், ஒரு தலைவலி வரல. ராக்கு வீட்டுலருந்துதான் காலேஜுக்குப் போறா, கல்லு கணக்கா இருக்கா.

நல்லதுதானங்கிறீங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நீங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவளுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, அந்தப் பத்து நிமிசம் நான் எதுக்குக் கைய வாயில வச்சிருந்தேன்? அவன் பயமா இருக்குன்னானே, எதுக்கு நான் பேசல? என்னத்துக்காக அவன் அப்படிப் போனான்? அதுக்கு ஒரு பதில் வேணும்ல எனக்கு.

வெளியில சொல்லக்கூடாதது ஒண்ணு சொல்றேன். கருப்பன் முன்னாடி போயி நின்னு நான் வேண்டிக்கிட்டேன். எடுக்க வேணாம், என் மகள எடுக்க வேணாம். ஒரு காய்ச்சல் குடுன்னேன். ஒரு வாரம் படுக்க வச்சு எழுப்பி விடு, நீ இருக்கேன்னு எனக்குக் காட்டிருன்னேன். கிடா நேந்திருக்கேன் அதுக்கு.

நேத்துக் காலையில ராக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். என் மக வாசல்ல நின்னு பல்லு விளக்கிக்கிட்டிருந்தா. ரெண்டு தடவ இருமினா. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சந்தோசமா இருந்துச்சு சார், பொய் சொல்லல. ஓடிப்போயி அவ நெத்தியில இந்தக் கைய வச்சேன். இதுல தோலு இல்லாததுனால சூடு சரியாத் தெரியாது. அதனால பொறங்கைய வச்சுப் பாத்தேன்.

சூடு இல்ல.